நாப்பதுல நின்ன முள்

முதல்லயே சொல்லிடறேன். இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதும் இல்ல, கனவும் இல்ல. நான் எதையும் லேசுல நம்புற ஆளும் கிடையாது. வீட்டுல பேய்ப்படம் ஓடினா, அந்தப் பேய்க்கு மேக்கப் சரியில்லன்னு குறை சொல்லிட்டு இருப்பேன். என் பொண்ணு "பேசாம இரும்மா"ன்னு தலையணையைத் தூக்கி எறிவா. அப்படிப்பட்டவதான் சொல்றேன். நம்பினா நம்புங்க. நம்பலேன்னா எனக்கு ஒன்னும் குறைஞ்சிடாது.

பேய்னாலே நடுராத்திரின்னு நெனச்சுக்கிட்டும் வராதீங்க. எனக்கு நடந்தது சனிக்கிழமை மத்தியானம், 2:48-க்கு. வெளிய வெயில் கொளுத்துது. நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாத் தெரியும்னு கேப்பீங்க. அந்த நிமிஷத்துலதான் எனக்கு ஒரு போன் வந்துச்சு. அந்த அழைப்பை இன்னும் போன்லேர்ந்து நான் அழிக்கல.

என் தொழில் பழைய கார் மீட்டர் ரிப்பேர். வேகம் காட்டுறது, பெட்ரோல் காட்டுறது, சூடு காட்டுறது, எல்லாம் பாப்பேன். இந்த வட்டாரத்துல என்னை "மீட்டர் அக்கா"ம்பாங்க. என்னைவிட பத்து வயசு பெரியவங்களும் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. என் கூடப்பிறந்த அண்ணன் ரெண்டு தெரு தள்ளி கார் பட்டறை வெச்சிருக்கார். பழைய வண்டிகளைப் பிரிச்சு, புதுசாக்கித் தருவார். இன்ஜின், பிரேக்கெல்லாம் அவர் பொறுப்பு. மீட்டர் என் பொறுப்பு.

அந்தக் காலத்து மீட்டரைப் பத்தி ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, போதும். கியர் பெட்டிலேர்ந்து ஒரு கேபிள் வந்து மீட்டரோட முதுகுல மாட்டிக்கும். சக்கரம் சுத்தினா கேபிள் சுத்தும். கேபிள் சுத்தினாதான் முள் ஏறும். கேபிளை மாட்டலேன்னா முள் ஜீரோவுல படுத்துக்கிடக்கும். யார் வந்து என்ன பண்ணினாலும் எழுந்திரிக்காது. இதை மறந்துடாதீங்க.

அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில வெச்சார். பல் செட் வெச்சுக் கொடுப்பாங்களே, அந்த மாதிரிப் பெட்டி. உள்ள துணியில சுத்தின ஒரு ஸ்பீடோமீட்டர்.

"யாருது?"

"பல் டாக்டரோடது. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் வண்டி, செவப்பு. பன்னெண்டு வருஷமா கொட்டகையில நின்னுச்சாம். இப்ப விக்கப் போறாரு. வாங்குறவரு அசல் மீட்டர் இருந்தாதான் வாங்குவேன்னு சொல்லிட்டாராம்."

"வண்டி ஒரு இடத்துலயும் மீட்டர் ஒரு இடத்துலயுமா எதுக்கு இருந்துச்சு?"

அண்ணன் தோளைக் குலுக்கினார். "அவர் பீரோவுல பூட்டி வெச்சிருந்தாராம். நமக்கெதுக்கு? மேல இருக்கிற கறையைத் துடைச்சு, கண்ணாடி மாத்தி, திருப்பி மாட்டித் தா. அவ்வளவுதான்."

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மீட்டர் வந்தாலும், கை வைக்கிறதுக்கு முன்னாடி, அதோட முகத்து மேல ஒரு மெல்லிசுத் தாளை வெச்சு எண், கோடு, கீறல், கறை எதையும் விடாம நகல் எடுத்துக்குவேன். பின்னாடி யாரும் "எங்க மீட்டர்ல இந்தக் கீறல் இல்லையே"ன்னு சண்டைக்கு வரக்கூடாது பாருங்க. அன்னைக்கும் எடுத்தேன்.

கறை நூத்தி நாப்பதுக்குப் பக்கத்துல இருந்துச்சு. முடி அளவு தடிமன், செவப்பா, சாய்ஞ்ச ஒரு கோடு.

அது கறையே இல்ல.

வண்டி வேகமாப் போய் எதுலயாவது மோதி, சட்டுன்னு நின்னுடுச்சுன்னா, அந்த அதிர்ச்சியில முள் வளைஞ்சு முகத்துல ஓங்கி அறையும். முள்ளுல இருக்கிற பெயிண்ட் அங்கயே ஒட்டிக்கும். மோதின நேரத்துல வண்டி எந்த வேகத்துல போச்சோ, அந்த எண்ணுலதான் ஒட்டும். இந்த வண்டி நூத்தி நாப்பதுல போய் எதையோ இடிச்சிருக்கு.

டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டேன். "இது என்ன கறை டாக்டர்?"

"துரு"ன்னார்.

செவப்புப் பெயிண்டுக்கும் துருவுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? இருந்தாலும் அண்ணன் சொன்னது மாதிரி, நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். சோப்புத் தண்ணியில பஞ்சை நனைச்சு, மெதுவாத் துடைச்சு எடுத்தேன். சுத்தமாப் போயிடுச்சு.

புதன்கிழமை காலைல பாத்தா, கோடு அதே இடத்துல இருக்கு.

சரியாத் துடைக்கல போலன்னு திரும்பத் துடைச்சேன். வியாழக்கிழமை காலைல மறுபடியும் இருக்கு. இப்ப எனக்குக் கோவமே வந்துடுச்சு. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு வேலை பாக்கிறவ நான், எனக்கே கண்கட்டு வித்தையான்னு, அந்த இடத்தைத் தேய்ச்சு, மேல கருப்புப் பெயிண்ட் அடிச்சு, எண்ணையும் புதுசா எழுதிட்டேன். வெள்ளிக்கிழமை கோடு இல்ல. நான் ஜெயிச்சுட்டதா நெனச்சுக்கிட்டேன்.

மேசையில கேபிள் மாட்டி, டிரில் மெஷினால சுத்தியும் பாத்தேன். நாப்பது, எம்பது, நூத்தி இருபது, எல்லாம் சரியாக் காட்டுச்சு. முள்ளும் சமர்த்தா திரும்பி ஜீரோவுல படுத்துச்சு. மீட்டர்ல ஒரு குறையும் இல்ல. இதை நான் எங்க வேணாலும் அடிச்சுச் சொல்வேன்.

சனிக்கிழமை மத்தியானம் 2:05-க்கு பட்டறைக்குப் போனேன். சனிக்கிழமை அரை நாள், வேலைக்காரங்க ஒரு மணிக்கே போயிட்டாங்க. நானும் அண்ணனும் மட்டும்தான். செவப்பு வண்டி நடுவுல நிக்குது. டாஷ்போர்டுல மீட்டர் இருக்க வேண்டிய இடத்துல வட்டமா ஒரு ஓட்டை. பாக்க ஒரு கண்ணு போன மூஞ்சி மாதிரி இருந்துச்சு.

அந்த மாதிரி வண்டியில மீட்டர் மாட்டுறது ஒரு தண்டனை. முன்பக்கத்துலேர்ந்து மீட்டரை ஓட்டைக்குள்ள செருகிட்டு, பின்பக்கம் ரெண்டு நட்டு போட்டு இறுக்கணும். பின்பக்கத்துக்குக் கை போகணும்னா, சீட்டுல தலைகீழாப் படுத்து, தலையை பெடல் பக்கத்துல வெச்சு, காலைச் சீட்டோட முதுகு மேல போட்டுக்கணும். நாப்பத்தாறு வயசுல, என் உடம்புக்கு இந்தக் கோலம் தேவையா? "போட்டோ எடுக்கட்டுமா?"ன்னு அண்ணன் சிரிச்சார். "எடுத்தா நீ உயிரோட வீட்டுக்குப் போகமாட்டே"ன்னேன்.

2:20 இருக்கும். "கேபிள் நுழையுற இடத்துல போடுற ரப்பர் வளையம் இல்லம்மா. போய் வாங்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் கேபிளை மாட்டாதே"ன்னு சொல்லிட்டு அண்ணன் வெளிய போனார். கனமான பூட்ஸ் போடுவார். டொம் டொம்னு அவர் நடக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும்.

நான் வாயில டார்ச்சைக் கடிச்சுக்கிட்டு வேலையை ஆரம்பிச்சேன். முதல் நட்டு ஏறிடுச்சு. ரெண்டாவது நட்டு கண்ணுக்கே தெரியாத மூலையில இருந்துச்சு. டார்ச் வாயிலேர்ந்து நழுவி எங்கயோ உருண்டு போயிடுச்சு. இருட்டுல தடவிக்கிட்டு இருந்தேன்.

2:31. நெஞ்சு மேல போன் கிடந்துச்சு, அதுல பாத்தேன். யாரோ வந்து கதவுப் பக்கம் உக்காந்த மாதிரி வண்டி லேசா சாய்ஞ்சுது. டார்ச் எரிஞ்சுது. வெளிச்சம் நேரா என் கை மேல விழுந்துச்சு.

"அதுக்குள்ள வந்துட்டியாண்ணா? கொஞ்சம் இடப்பக்கம் பிடி."

வெளிச்சம் இடப்பக்கம் நகர்ந்துச்சு.

"இன்னும் கொஞ்சம் மேல... ஆங். அப்படியே வெச்சுக்கோ."

அசையாம நின்னுச்சு. எனக்கே ஆச்சரியம். அண்ணனுக்கு டார்ச் பிடிக்கவே வராது. ரெண்டு நிமிஷத்துல கை வலிச்சு, வெளிச்சம் கூரைக்குப் போயிடும். இன்னைக்கு என்ன இவ்வளவு பொறுப்புன்னு நெனச்சுக்கிட்டேன்.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் கொடு."

கையை நீட்டினேன். உள்ளங்கையில ஸ்பேனர் வந்து உக்காந்துச்சு. தூக்கிப் போடல. பிடி என் விரல் பக்கம் வர்ற மாதிரி, பதமா வெச்சு, ஒரு அழுத்து அழுத்திக் கொடுத்த மாதிரி இருந்துச்சு. இரும்பு வெதுவெதுன்னு இருந்துச்சு. யாரோ ரொம்ப நேரம் கையில வெச்சிருந்த சூடு.

பிரேக் ஆயில் வாடை அடிச்சுது. பட்டறைன்னா அடிக்கத்தானே செய்யும்?

நட்டை ஏத்திட்டு, "போதும்"னு நெனச்சு கையை எடுக்கப் போனேன். என் விரல் மேல ஒரு விரல் வந்து உக்காந்துச்சு. ஸ்பேனரை இன்னும் அரைச் சுத்து இறுக்குச்சு. அதுவும் சரிதான். நான் கொஞ்சம் லூசாத்தான் விட்டிருந்தேன்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"ன்னு சிரிச்சேன்.

அந்த விரல் மெதுவா விலகிக்கிச்சு.

அப்பதான் என் நெஞ்சு மேல கிடந்த போன் அடிச்சுது.

2:48.

அண்ணன்.

"எம்மா... வழக்கமா வாங்குற கடை பூட்டியிருக்கு. மேட்டுத் தெருவுல இன்னொரு கடை இருக்காம், அங்க போறேன். இன்னும் இருபது நிமிஷம் ஆகும். சரியா?"

பின்னாடி பஸ் ஹாரன் கேக்குது. தெருச் சத்தம் கேக்குது.

டார்ச் வெளிச்சம் என் கை மேலயே இருக்கு.

அசையல.

"எம்மா? கேக்குதா?"

"ம்"னு மட்டும் சொன்னேன்னு நெனக்கிறேன். போன் கட்டாயிடுச்சு.

எழுந்திரிக்கப் பாத்தேன். முட்டி சீட்டுல மாட்டிக்கிச்சு. தலை பெடலுக்கு அடியில. திரும்ப முடியல. கண்ணை மட்டும் உருட்டி, கதவு திறந்திருந்த பக்கம் பாத்தேன்.

ரெண்டு கால்.

பூட்ஸ் இல்ல. செருப்பு இல்ல. வெறுங்கால். விரல் இடுக்கெல்லாம் கருப்பு எண்ணெய்.

டிக்...

என் முகத்துக்கு மேல, மீட்டருக்குள்ள.

டிக்... டிக்...

தூரம் காட்டுற சின்ன எண்கள் உருளுற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்துலயும் தெரியும்.

கேபிள் மாட்டல. என் காதுக்குப் பக்கத்துலதான் தொங்குது.

டிக்... டிக்... டிக்...

டார்ச் அணைஞ்சுது.

எப்படி வெளிய வந்தேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. முழங்கை ரெண்டும் சிராய்ஞ்சு ரத்தம். தரையில உக்காந்திருந்தேன். பட்டறையில யாரும் இல்ல. வாசல்ல வெயில்.

மெதுவா எட்டி டாஷ்போர்டைப் பாத்தேன்.

முள் நாப்பதுல நிக்குது.

வண்டி நிக்குது. சாவி அண்ணன்கிட்ட. கேபிள் கீழ தொங்குது. முள் நாப்பதுல... நடுங்கக்கூட இல்ல. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். 3:06-க்கு அது தானா இறங்கி ஜீரோவுல படுத்துச்சு.

3:09-க்கு அண்ணன் டொம் டொம்னு வந்தார். என் மூஞ்சியைப் பாத்து, "கரண்ட் அடிச்சுதா?"ன்னார். நான் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். சிரிக்கல அவர். ஆனா நம்பவும் இல்ல. "வெயில்ல தலைகீழாக் கிடந்தா ரத்தம் தலைக்கு ஏறும்மா"ன்னு தண்ணி கொடுத்துட்டு, அவரே படுத்து கேபிளை மாட்டினார். உள்ளேர்ந்து அவர் குரல் வந்துச்சு.

"நட்டு மேல எதுக்கு மஞ்சப் பெயிண்ட் வெச்சே?"

"நான் எதுவும் வெக்கலையே."

"ரெண்டு நட்டுலயும் ஒரு பொட்டு இருக்கு. இன்னும் காயல."

எங்க ரெண்டு பேர்கிட்டயும் மஞ்சப் பெயிண்ட் கிடையாது.

அண்ணன் வண்டியை எடுத்து நாலு தெரு ஓட்டிப் பாத்தார். மீட்டர் சரியா வேலை செஞ்சுது. பிரேக் கச்சிதம். 4:30-க்கு டாக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல சென்ட் வாசம். வண்டியைச் சுத்திக்கூடப் பாக்கல. நேரா குனிஞ்சு மீட்டரைத்தான் பாத்தார். கைக்குட்டையால நூத்தி நாப்பதுக்கிட்ட ஒரு துடை துடைச்சார்.

"கறை போயிடுச்சு"ன்னார். அப்படி ஒரு நிம்மதி அந்தக் குரல்ல.

"டாக்டர், இன்னைக்கு எடுக்காதீங்க. மீட்டர் மேல எனக்குத் திருப்தி இல்ல"ன்னேன்.

"நீங்க பயப்படாதீங்கம்மா. இந்த வண்டி என் பேச்சைக் கேக்கும்."

"அது என்ன கறை டாக்டர்? நெசமாச் சொல்லுங்க."

என்னை நேராப் பாத்து, சிரிச்சுக்கிட்டே, "துருன்னுதான் சொன்னேனே"ன்னார்.

முள் நாப்பதுல நின்னதைச் சொல்ல வாயைத் திறந்தவ, மூடிக்கிட்டேன். பொய் சொல்றவனுக்கு நான் எதுக்கு உண்மை சொல்லணும்னு ஒரு வீம்பு. அது தப்புதான். ஒத்துக்கறேன். 4:41-க்கு வண்டி கிளம்பிப் போச்சு.

5:52-க்கு ஆத்துப் பாலத்துச் சுவர்ல மோதிடுச்சுன்னு சேதி வந்துச்சு. குறுக்க யாரும் வரல, வேற யாருக்கும் அடியில்ல. டாக்டருக்கு உயிர் இருக்கு, காலு ரெண்டும் போச்சு.

7:15-க்கு போலீஸ் வந்து அண்ணனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. "பிரேக் பிடிக்கல"ன்னு டாக்டர் சொல்லியிருக்கார். பிரேக் வேலை பாத்தது அண்ணன். அப்பதான் எனக்கு உறைச்சுது. வீம்பு பண்ணினது நான், மாட்டிக்கிட்டது அவர். அண்ணிக்கு என்ன பதில் சொல்றதுன்னு கை கால் ஓடல. அன்னைக்கு ராத்திரி எங்க ரெண்டு வீட்டுலயும் யாரும் தூங்கல.

திங்கக்கிழமை 11:20-க்கு வண்டி ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். விபத்துல சிக்குன வண்டியைப் பிரிச்சுப் பாத்து அறிக்கை எழுதுறவர். தலை பூரா நரை, அடுத்த மாசம் ஓய்வு. அவர் மேசை மேல நான் மாட்டின மீட்டர், கண்ணாடி நொறுங்கிக் கிடந்துச்சு.

"உங்க அண்ணனை விட்டாச்சு. வீட்டுக்குப் போயிட்டு இருப்பாரு. பிரேக்ல குத்தமே இல்ல. ஒவ்வொரு நட்டுலயும் மஞ்சப் பொட்டு வெச்சிருக்காரு. ஒரு பொட்டுகூட உடையல."

"பொட்டு உடையறதுன்னா?"

"இறுக்கின நட்டுலயும் பக்கத்து இரும்புலயும் சேர்ந்த மாதிரி ஒரு பொட்டு வெப்பாங்க. பின்னாடி யாராவது நட்டைத் திருப்பினா பொட்டு ரெண்டாப் பிரிஞ்சிடும். நல்ல பழக்கம். ஆனா யாரும் செய்யிறதில்ல. எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு ஆள்தான் செஞ்சான்."

என் அண்ணன் அதைச் செய்யறதில்லன்னு நான் சொல்லல.

ஆய்வாளர் ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னார்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி. இதே வண்டி, இதே பாலம். சைக்கிள்ல வந்த தபால்காரர் செத்துட்டாரு. நாப்பதுலதான் போனேன், மீட்டர் நாப்பதுதான் காட்டுச்சு, பிரேக் பிடிக்கலன்னு டாக்டர் சொன்னாரு. பிரேக் வேலை பாத்த மெக்கானிக்கைப் பிடிச்சாங்க. மஞ்சப்பொட்டுன்னுதான் அவனைக் கூப்பிடுவாங்க. 'மீட்டரைப் பிரிச்சுப் பாருங்கய்யா, முள்ளு சொல்லும்'னு கோர்ட்ல கத்தினான். மீட்டர் வண்டியில இல்ல. மோதினதுல தெறிச்சுத் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பீரோவுல பூட்டி வெச்சிருந்ததுன்னு அண்ணன் சொன்னது என் காதுல கேட்டுச்சு.

"பிரேக்ல ஒரு நட்டு லூசா இருந்துச்சு. பொட்டு ரெண்டாப் பிரிஞ்சிருந்துச்சு. அவன் இறுக்கினதுக்கு அப்புறம் யாரோ கழட்டியிருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது." அவர் இன்னும் ஜன்னலைத்தான் பாத்தார். "டாக்டர் பெரிய மனுஷன். அறிக்கையில அதை நான் எழுதல. அந்த மெக்கானிக் ரெண்டாவது வருஷம் ஜெயில்லயே செத்துட்டான்."

"அவர்... செருப்பு போடுவாரா?"

ஆய்வாளர் என்னைத் திரும்பிப் பாத்தார். "மாட்டான். வெறுங்கால்ல மிதிச்சாதான் பிரேக் பேசுறது தெரியும்னு சொல்வான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் பையிலேர்ந்து அந்த மெல்லிசுத் தாளை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை எடுத்த நகல். உடைஞ்ச மீட்டர் மேல வெச்சேன். கருப்புப் பெயிண்ட் மேல புதுசா ஒரு செவப்புக் கோடு. என் தாள்ல இருந்த பழைய கோட்டு மேல அப்படியே உக்காந்துச்சு. முடியளவும் விலகல.

ஆய்வாளர் ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தார். அப்புறம், "பிரேக் நல்லா இருக்குன்னு தெரிஞ்சதும், டாக்டர் இப்ப வேற கதை சொல்றாரு. முள்ளு நாப்பதுலயே நின்னுடுச்சாம். வேகம் தெரியாமத்தான் மிதிச்சாராம். மீட்டர் நாப்பதுதான் காட்டுச்சாம். எழுத்து மாறாம அதே வாக்கியம். புதன்கிழமை வாங்க. மீட்டர் சரியா இருந்துச்சா இல்லையான்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். சரியா இருந்துச்சுன்னா, கண்மண் தெரியாம ஓட்டினதுக்கும் பொய்ப் புகார் கொடுத்ததுக்கும் அவர் உள்ள போவாரு"னார்.

செவ்வாய்க்கிழமை டாக்டரே ஆள் அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்பல் ஒன்னுகூட இல்ல. பல் டாக்டருக்குப் பல்லு போனா யாருகிட்ட போவாருன்னு ஒரு நினைப்பு ஓடுச்சு. அந்த இடத்துலயும் எனக்கு அப்படித்தான் புத்தி போகும்.

"நாப்பதுல நின்னுச்சும்மா"ன்னார். அழுதார். நெசமாவே அழுதார். "மிதிக்கிறேன், மிதிக்கிறேன், முள்ளு ஏறல. மெதுவாத்தான் போறோம்னு நெனச்சேன். பாலம் வந்துடுச்சு. அப்பதான் முள்ளு ஒரேயடியா தாவி ஏறுச்சு. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க எடுக்காதீங்கன்னு சொன்னீங்களே... உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லுங்க."

எனக்குத் தெரியும். இந்த உலகத்துல அவர் உண்மை பேசுறார்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். நான் சொன்னா அவர் தப்பிச்சிடுவார். மீட்டர் மாட்டின பட்டறை மேல பழி விழும். அண்ணன் திரும்பவும் உள்ள போவார், கூட நானும். அதுக்கும் மேல... சைக்கிள்ல வந்த தபால்காரர். கோர்ட்ல கத்தின மஞ்சப்பொட்டு.

"மீட்டர் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்"ன்னேன். "கொஞ்சம் துரு மட்டும்தான்."

வாயைத் திறந்தபடியே என்னைப் பாத்துக்கிட்டு இருந்தார். நான் வெளிய வந்துட்டேன். மருந்து நெடி அடிக்கிற அந்த நடையில, கதவு வரைக்கும், பிரேக் ஆயில் வாடை என் கூடவே வந்துச்சு.

புதன்கிழமை 4:15-க்கு ஆய்வாளர் அறையில உக்காந்தேன். அவரும் நானும் மட்டும்தான். தாள்ல எல்லாம் தயாரா எழுதி வெச்சிருந்தார். "மீட்டரை நான் பரிசோதிச்சு மாட்டினேன். அதுல எந்தக் குறையும் இல்ல." படிச்சேன். பரிசோதிச்சது நெசம். குறையில்லங்கிறது நெசமா பொய்யான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. இதுல கையெழுத்துப் போட்டா ஒரு மனுஷன் உள்ள போவான், செய்யாததைச் செஞ்சான்னு இல்ல... செஞ்சதுக்குத்தான். ஆனா வேற நாளுக்கு.

போடாம எழுந்து போயிடலாமான்னுகூடத் தோணுச்சு. அப்புறம், போட்டுத்தான் ஆகணும்னு தோணுச்சு. தாள்லேர்ந்து கண்ணை எடுக்காம, பேனாவுக்காகக் கையை நீட்டினேன்.

உள்ளங்கையில பேனா வந்து உக்காந்துச்சு.

பிடி என் விரல் பக்கம் வர்ற மாதிரி. பதமா. ஒரு அழுத்து அழுத்தி.

வெதுவெதுன்னு இருந்துச்சு.

நிமிர்ந்து பாத்தேன். ஆய்வாளர் மேசைக்கு அந்தப் பக்கம், நாற்காலியில சாய்ஞ்சு, ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிட்டு உக்காந்திருந்தார். அவர் என்னைப் பாக்கல. என் கையைப் பாத்துக்கிட்டு இருந்தார். அவர் முகத்துல ரத்தமே இல்ல.

தாளை என் பக்கம் இழுத்துக்கிட்டேன்.

4:17. கையெழுத்துப் போட்டேன்.